வீட்டுக்கும் டூருக்கும் ஒரே வீடியோ கேமரா, எதை வாங்கலாம்?

மலைக்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வீடியோ கேமரா வாங்கலாம்னு இருக்கேன், கொஞ்ச நாளா ரிவ்யூ வீடியோவா பாத்துத் தள்ளினதுல குழப்பம்தான் ஜாஸ்தியாச்சு, ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க, அதான் நிஜமாவே கையில வச்சு எடுக்கிறவங்ககிட்ட கேட்டுடலாம்னு இங்க போடுறேன்.

பொண்ணு யூகேஜி படிக்கிறா, பரதநாட்டியம் கத்துக்குறா. ஸ்கூல் ஆண்டு விழாவுல பேரன்ட்ஸுக்கெல்லாம் பின்பக்கம்தான் சீட்டு, அங்கேர்ந்து போன்ல எடுத்தா ஸ்டேஜ்ல எது நம்ம பொண்ணுன்னே கண்டுபிடிக்க முடியல, லைட்டு அடிச்சு முகமெல்லாம் வெள்ளையாப் போயிடுது. அடுத்தது டூர். லீவு விட்டா குற்றாலம், ராமேஸ்வரம்னு கிளம்பிடுவோம், இந்தத் தடவை மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டிக்கு மலை ரயில்ல போறதா பிளான். இன்னொண்ணு எங்க அம்மா. 70 தாண்டிட்டாங்க. அவங்க கல்யாணம் ஆன கதை, காவேரில தண்ணி கரைபுரண்டு வந்த கதை எல்லாம் ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்து சொல்லுவாங்க, அதை அவங்க குரல்லயே பதிஞ்சு வச்சிடணும், இது எனக்கு ரொம்ப முக்கியம்.

பட்ஜெட் 60 ஆயிரம், கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் பரவால்ல. வீட்டுல என் மனைவியும் எடுக்கணும், அதனால நோண்டுற வேலை கம்மியா இருக்கணும். கடையில லென்ஸ் மாத்தி மாட்டற மிரர்லெஸ் கேமரா எடுத்துக்கங்கன்னு சொல்றாங்க, ஆபீஸ்ல கோப்ரோன்னு குட்டி ஆக்‌ஷன் கேமராவே போதும்ங்கறாங்க. ஹேண்டிகேம்னு ஒண்ணு இருந்துச்சே, அது இப்பவும் வருதா? 4கே அவசியமா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. நாங்க டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 வெச்சிருக்கோம், 2023 அக்டோபர்ல வந்த மாடல். டூருக்குன்னா இதைத் தவிர வேற எதையும் நான் சொல்லமாட்டேன். 179 கிராம்தான், சுடிதார் பாக்கெட்லயே போட்டுக்கலாம், உள்ள 1 இன்ச் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கற சில்லு) இருக்குது, திரையைக் குறுக்கால திருப்பினாலே ஆன் ஆயிருமுங்க, வேற பட்டன் தேட வேண்டியதில்ல. குழந்தை முகத்தைத் தொட்டு விட்டுட்டா அவ எந்தப் பக்கம் ஓடுனாலும் தலை தானா திரும்பிப் பின்னாடியே போகும். எங்க பையன் பார்க்ல ஓடுறதைப் போன்ல எடுத்தா பாக்கறவங்களுக்குத் தலை சுத்தும், இதுல அந்தப் பிரச்சனையே இல்லீங்க. ஆனா ஒண்ணு, நடக்கறப்ப மேலயும் கீழயும் வர்ற குலுங்கலை கிம்பல் (கேமரா தலையை ஆடாம தாங்கற மோட்டார் அமைப்பு) முழுசா நீக்காது, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி மெதுவா நடந்தா சரியாயிரும்.

மலை ரயில்னு சொன்னதால இதையும் சொல்லிடறேன். வழியில 16 குகை வருமுங்க. உள்ள நுழையறப்ப திரை இருட்டாகி அப்பறம் தானா வெளிச்சத்தைக் கூட்டும், வெளிய வந்த நிமிஷம் பச்சையெல்லாம் வெளுத்துப்போய் அது அடங்க ஒரு நொடி ஆகும். எந்த கேமராவா இருந்தாலும் இப்படித்தான். குகைக்கு முன்னாடியே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கற வெளிச்ச அளவைப் பூட்டி வெச்சுட்டீங்கன்னா உள்ள கும்மிருட்டு, வெளிய வர்றப்ப மலையும் மரமும் அதே கலர்ல பளிச்சுன்னு வந்து நிக்கும், பாக்க அவ்வளவு நல்லா இருக்கும். குன்னூர் வரைக்கும் நீராவி இன்ஜின் பின்னாடி இருந்துதான் தள்ளும், அதனால முன் பெட்டியில சீட்டு கிடைச்சா வளைவுல திரும்பிப் பாத்து இன்ஜினோட சேத்து முழு ரயிலையும் எடுக்கலாமுங்க. கையை மட்டும் ஜன்னலுக்கு வெளிய நீட்டிராதீங்க, பாறை ஒட்டியே வரும். காத்து சத்தத்துக்கு மைக் மேல மாட்டற முடி வெச்ச உறை ஒண்ணு கண்டிப்பா வாங்கிக்கங்க, அது இல்லைன்னா இன்ஜின் ஊதறதே கேக்காது, வெறும் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் கேக்கும்.

ஸ்டேஜ் புரோகிராமுக்கு இது ஆகாதுங்க. லென்ஸ்ல ஜூமே கிடையாது, டிஜிட்டல்ல இழுத்தா படம் உடைஞ்சு போயிருது. குற்றாலத்துல அருவி பக்கத்துல கொண்டு போகவும் கூடாது, தண்ணி தாங்காது.

வைகைக்கரை:

தம்பி, மதுரையில கல்யாண வீடியோ எடுக்குற தொழில் நமக்கு, கேசட் காலத்துல இருந்தே. உங்க கேள்வியிலயே பதில் பாதி இருக்கு. எந்த கேமரா நல்ல கேமரான்னு தேடாதீங்க, நீங்க எங்க நின்னு எடுக்கப் போறீங்கன்னு மொதல்ல பாருங்க. பொண்ணு டான்ஸ் தூரத்துல இருந்து, டூர் நடந்துக்கிட்டே, அம்மா எதிர்ல உக்காந்து. இந்த மூணுக்கும் ஒரே கேமரா பிரமாதமா செய்யாது, யார் செய்யும்னு சொன்னாலும் நம்பாதீங்க.

கணக்காவே சொல்றேன். ஸ்டேஜ்ல இருந்து 80 அடி தள்ளி உக்காந்திருக்கீங்கன்னு வைங்க. பாக்கெட் 3 லென்ஸ் 20 மில்லிமீட்டர் (இந்த எண் கூடக் கூட தூரத்துல இருக்கறது கிட்ட வரும்), அங்க இருந்து எடுத்தா ஏறக்குறைய 140 அடி அகலம் திரையில வரும், அதாவது ஸ்டேஜ், ரெண்டு பக்கச் சுவரு, முன்னாடி உக்காந்திருக்கவுக தலை எல்லாம் சேர்ந்து. சோனியோட சின்ன கேமரா இசட்வி-1 எடுத்தா 24ல இருந்து 70 வரைக்கும் ஜூம், முழுசா இழுத்தா 41 அடி, ஸ்டேஜ் மட்டும் அளவா வரும், பொண்ணு அதுல ஒரு விரக்கடை. சோனி ஹேண்டிகேம் ஏஎக்ஸ் 43 இருக்கு பாருங்க, அது 26.8ல இருந்து 536 வரைக்கும் 20 மடங்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே இழுக்குற ஜூம். முழுசா இழுத்தா அஞ்சரை அடிதான் வரும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், 12 மடங்கு இழுத்தாலே ஒம்போது அடி அகலம், அஞ்சு அடி உயரம், யூகேஜி புள்ள தலையில இருந்து பாதம் வரைக்கும் அழகா உள்ள நிக்கும். பரதம்னா பாதத்தை வெட்டவே கூடாது தம்பி. அரைமண்டி எப்படி உக்காருறா, அடவுல கால் எப்படித் தட்டுறான்னுதான் அவ டீச்சர் பாப்பாக, பெருசான பிறகு அவளும் அதைத்தான் பாப்பா. முகத்துக்கு மட்டும் ஜூம் போட்டு காலை விட்டுட்டா ஆடினதுல பாதி போச்சு.

அப்ப ஹேண்டிகேமே வாங்கிடலாமான்னா, அதுக்கும் ஒரு விலை இருக்கு. அவ்வளவு ஜூமை அவ்வளவு சின்ன உடம்புக்குள்ள அடைக்கணும்னா சென்சாரைச் சின்னதாக்கணும். ஏஎக்ஸ் 43ல இருக்கறது 1/2.5 இன்ச். பாக்கெட் 3, இசட்வி-1 ரெண்டுலயும் இருக்கற 1 இன்ச் சென்சார் பரப்புல இதைவிட நாலரை மடங்கு பெருசு. அதனால ஸ்டேஜ்ல வெளிச்சம் இருக்கறப்ப ஹேண்டிகேம் சூப்பரா வரும், ராத்திரி உங்க வீட்டுத் திண்ணையில ஒரு பல்பு வெளிச்சத்துல அம்மாவை எடுத்தா புள்ளி புள்ளியா மணல் தூவின மாதிரி தெரியும். பெரிய சென்சாரும் வேணும் 20 மடங்கு ஜூமும் வேணும்னா கேமரா பெருசாயி கனமாயிரும், விலையும் லட்சத்துக்கு மேல போயிரும்.

ஹேண்டிகேம் இன்னும் வருதான்னு கேட்டீங்க. 1985ல சோனி ஆரம்பிச்ச பேரு அது, இப்ப மாடல் ரொம்பக் குறைஞ்சு போச்சு, நிறைய கடையில ஸ்டாக்கே வைக்கிறதில்ல. போன் வந்தப்புறம் வாங்க ஆளில்ல. ஆனா ஏஎக்ஸ் 43ல லென்ஸும் சென்சாரும் ஒண்ணாச் சேர்ந்து உள்ள மிதக்குற மாதிரி அமைப்பு இருக்கு, தூர ஜூம்ல கையில புடிச்சு எடுத்தாலும் அது நிதானமா நிக்கும், இந்த ஒரு விஷயத்துல போனு கிட்டக்கூட வர முடியாது.

முகம் வெள்ளையாப் போகுதுன்னீங்கள்ல, அது போனோட குத்தம் மட்டும் இல்ல. ஸ்டேஜைச் சுத்தி இருட்டு, நடுவுல மட்டும் லைட்டு. கேமரா மொத்தத்தையும் பாத்து இருட்டா இருக்குன்னு நினைச்சு வெளிச்சத்தைக் கூட்டிரும். முகத்து மேல தொட்டு எக்ஸ்போஷரைக் கீழ இறக்குங்க, நெத்திச்சுட்டி கல்லு தனித்தனியாத் தெரியுற அளவுக்கு இறக்கினா சரியா இருக்கும். பாட்டு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஜூமை முன்னயும் பின்னயும் ஆட்டாதீங்க. ஒரு ஃப்ரேம் வைங்க, அப்படியே விடுங்க.

மிரர்லெஸ் நல்ல பொருள்தான், ஆனா இந்த வேலைக்கு தூர லென்ஸ் தனியா வாங்கணும், அதுக்கே உங்க பட்ஜெட் போயிரும். கோப்ரோவை அருவிக்கும் கடலுக்கும் வச்சுக்கங்க, 10 மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணியில தாங்கும், மத்தபடி உங்க தேவைக்கு அது இல்ல.

4கே கேட்டீங்க. டிவில பாக்க ஃபுல் ஹெச்டியே போதும், ஆனா 4கேல எடுத்தா புள்ளி நாலு மடங்கு, பின்னாடி கொஞ்சம் வெட்டி நெருக்கமாக்கிக்கலாம். நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்துல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், அதை மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. ஆண்டு விழாவுக்கு 4கே, வீட்டுல சும்மா எடுக்கறதுக்கு ஹெச்டின்னு வச்சுக்கிட்டா ஹார்ட் டிஸ்க் தப்பிக்கும்.

யாழ்_ரொறன்ரோ:

அண்ணை, நான் கனடாவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். சொந்தக்காரர் ஆரும் வெளிநாட்டில இருந்து கமரா வாங்கிவரப் போயினமெண்டா ஒரு விசயம் கவனியுங்கோ. இஞ்ச கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இந்தியா இலங்கை ரெண்டிலயும் 50. இஞ்சத்த செற்றிங்கிலயே ஊருக்குக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள ரியூப் லைற் வெளிச்சத்தில எடுத்தால் படம் முழுக்க கறுப்புப் பட்டை மேலயும் கீழயும் ஓடும், வெளியில வெயிலில எடுக்கேக்க ஒண்டும் தெரியாது. ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழுற நேரத்தை) 1/50 இல்லாட்டி 1/100 செக்கனில வைச்சால் நிண்டுடும். பாக்கெட் 3, இசட்வி-1 மாதிரிக் கமராவில செக்கனுக்கு 25, 50 ஃப்ரேமுக்கு மாத்தலாம், ஆனா இஞ்ச விக்கிற ஹாண்டிகாம் 60 ஹேர்ட்ஸ் மாடலாத்தான் வரும், அதில ஷட்டரை மட்டும்தான் மாத்தேலும். வொறண்டியும் ஊரில செல்லாது.

நாங்கள் இசட்வி-1 பாவிக்கிறம். ஊரில நல்லூர்க் கந்தசாமி கோயில் தேருக்குப் போகேக்க கோயிலுக்குள்ள எடுக்க விடமாட்டினம், வெளிவீதியில சனத்துக்குள்ள நிண்டு கையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுத்தான் எடுக்கிறது, திரையை விரிச்சுக் கீழ நோக்கித் திருப்பலாம் எண்டபடியா என்ன எடுபடுதெண்டு தெரியும். கொஞ்சம் ஜூமும் இருக்கு, தேரில சாமியை நெருக்கமா எடுக்க அது காணும். குறை என்னெண்டால் பற்றரி. முக்கால் மணித்தியாலம் கூட நிக்காது, ரெண்டு மூண்டு கூடுதலா வைச்சிருக்கோணும். வெயிலில கனநேரம் 4கே எடுத்தால் சூடாகி நிண்டுடும், மெனுவில சூட்டுக்கு நிப்பாட்டுற அளவை ஹை எண்டு மாத்தி வைச்சால் இன்னும் கொஞ்சநேரம் தாங்கும்.

அடையாறு ஆலமரம்:

அம்மா கதைக்கு கேமரா வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க சார், ப்ளீஸ். இந்த ஞாயித்துக்கிழமையே போன்ல ஆரம்பிங்க. எங்க தாத்தா பேசினதை அப்படி எடுத்து வச்சது இன்னிக்கு எங்க குடும்பத்துல எல்லார் வீட்டுலயும் இருக்கு, படம் சுமார்தான், ஆனா குரல் தெளிவா இருக்கு, யாரும் படத்தைப் பத்தி பேசினதே இல்ல.

போனை ஒரு ஸ்டாண்ட்ல மாட்டி அவங்க கண் உயரத்துக்கு வச்சிடுங்க, ஏரோப்ளேன் மோட் போடுங்க, இல்லன்னா கதை உச்சத்துல இருக்கும்போது கால் வந்து ரெக்கார்டிங் நின்னுடும். செல்ஃபி கேமரால எடுக்காதீங்க, பின்னாடி கேமராதான் நல்லா இருக்கும். ஒரு க்ளிப் மைக் வாங்கி புடவைத் தலைப்புல, கழுத்துக்கு ஒரு ஜாண் கீழ மாட்டுங்க. சங்கிலி போட்டிருந்தா அது மைக்ல உரசும், கொஞ்சம் தள்ளி மாட்டணும். ஃபேன் சத்தம் ரொம்ப கேக்கும், முடிஞ்சா நிறுத்திட்டு எடுங்க. பேச ஆரம்பிச்சதும் அவங்க கேமராவைப் பாக்க வேணாம், நீங்க எதிர்ல உக்காந்து ம் கொட்டுங்க, உங்களைப் பாத்துப் பேசுவாங்க. உங்க பொண்ணை மடியில உக்கார வச்சீங்கன்னா இன்னும் விவரமா சொல்லுவாங்க, பெரியவங்க நம்மகிட்ட சொல்லாததெல்லாம் பேத்திகிட்ட சொல்லுவாங்க.

எடுத்ததை ரெண்டு இடத்துல காப்பி வைங்க, ஒண்ணு வீட்டுல, ஒண்ணு உங்க தம்பி, தங்கச்சி வீட்டுல. பென் டிரைவ்ல போட்டு டிவில பாக்கும்போது பெரிய ஃபைல் ஏறலன்னா டிரைவ் ஃபேட்32ல இருக்குன்னு அர்த்தம், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திக்கங்க.

மலைக்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பாக்கல. ராத்திரி வீட்டுல உக்காந்து பேசினோம். அந்த 80 அடி கணக்கைப் படிச்சதும்தான் எனக்கு விஷயமே விளங்குச்சு. ஆண்டு விழா வருஷத்துக்கு ஒரு நாள்தான், டான்ஸ் கிளாஸ்ல சலங்கை பூஜை மாதிரி இன்னொண்ணு ரெண்டு வரும். மத்த நாளெல்லாம் வீடும் டூரும்தான். அதனால பாக்கெட் 3 பக்கம் சாய்ஞ்சிருக்கோம், அம்மாவுக்கு க்ளிப் மைக் இன்னிக்கே ஆர்டர் போட்டாச்சு. பாக்கெட் 3யோட வயர்லெஸ் மைக் சேர்ந்து வர்ற செட்டும் இருக்குன்னு பாத்தேன், அது தேவையா? வைகைக்கரை அண்ணே, ஆண்டு விழாவுக்கு மட்டும் ஹேண்டிகேம் வாடகைக்கு எடுக்கலாமா, இல்ல பழசு ஒண்ணு தேடி வாங்கலாமா? ராமேஸ்வரம் கோயில்ல கேமரா விடுவாங்களா?

நொய்யல்கரை:

கோயிலுக்குள்ள வேண்டாமுங்க. செல்போனே கூடாதுன்னு 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை எல்லா கோயிலுக்கும் சேர்த்து உத்தரவு போட்டுச்சு, கேமராவும் ரூம்லயே வெச்சுட்டுப் போயிருங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறை பாத்துக்கற இடத்துல வெளிப்பிரகாரத்துல எடுக்கலாம், ஆனா டிரைபாட் வெக்கணும்னா தனியா அனுமதி வாங்கணும். ராமேஸ்வரத்துல கடற்கரையில எடுத்தீங்கன்னா காத்துல மணலும் உப்பும் கிம்பல் சந்துக்குள்ள போகாம பாத்துக்கங்க, எடுத்து முடிச்ச கையோட உறைக்குள்ள போட்டுருங்க. பாம்பன்ல 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்தை ரயில்லேர்ந்து எடுங்க, நடுவுல மேல தூக்கற பகுதி வர்றப்ப தயாரா இருந்துக்கங்க. மைக் செட் பத்திக் கேட்டீங்க, கடற்கரையிலயும் ரயில்லயும் குழந்தை பேசறது தெளிவாக் கேக்கணும்னா அது இருந்தா நல்லதுதான், நேரா கேமராவோட சேர்ந்துக்கும், வயர் இல்லீங்க. திண்ணையில அம்மாவுக்கும் அதையே மாட்டலாம்.

வைகைக்கரை:

நல்ல முடிவு தம்பி. வாடகைதான் சரி. திருச்சியில கல்யாண வீடியோ எடுக்கறவுக யாரையாவது பிடிங்க, அவுகளே தருவாக, இல்ல எங்க கிடைக்கும்னு சொல்லுவாக. விழாவுக்கு முந்தின நாளே வாங்கிருங்க, அன்னைக்குக் காலையில வாங்கிட்டு நேரா ஹாலுக்குப் போகாதீங்க. வீட்டு மாடியில இருந்து எதிர் வீட்டு வாசல்ல பொண்ணை ஆட விட்டு எடுத்துப் பழகிக்கங்க, ஜூம் நெம்பை மெதுவா அமுக்குனா மெதுவாப் போகும், அழுத்தி அமுக்குனா விருட்டுன்னு போகும், அது விரலுக்குப் பிடிபடணும். பேட்டரி பெருசா கேளுங்க, ரெண்டா கேளுங்க. டிரைபாட் வாங்கறப்ப தலை எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிட்டுத் திரும்புறது வேணும், போட்டோக்காரர் வச்சிருக்கற டிரைபாட் வீடியோவுக்கு வெட்டு வெட்டாத் திரும்பும். ஸ்கூல்ல டிரைபாட் விடலைன்னா ஒத்தைக் கால் ஸ்டாண்டு வச்சுக்கங்க, நாற்காலிக்கு நடுவுல அடங்கும்.

பழசு வாங்குறதுன்னா லென்ஸுக்குள்ள ஃபங்கஸ் இருக்கான்னு பாக்காம காசு குடுக்காதீங்க. லென்ஸ் மூடியைத் திறந்து பக்கவாட்டுல டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா அதைத் தொடவே வேண்டாம், கடலோர ஊர்ல பீரோவுக்குள்ள பூட்டி வச்ச கேமராவுல இது சர்வ சாதாரணம். ஜூமை முழுசா இழுத்து ஒரு போஸ்டர் எழுத்தைப் பாருங்க, நாலு மூலையும் ஒரே மாதிரி தெளிவா இருக்கணும். வெளி மைக் மாட்டற ஓட்டையில ஒரு மைக்கைச் சொருகி ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க, கரகரன்னா விட்டுருங்க.

கார்டு விஷயத்துல காசு பாக்காதீங்க. வி30ன்னு அச்சடிச்சிருக்கணும், நொடிக்குக் குறைஞ்சது 30 மெகாபைட் எழுதும்னு அர்த்தம், 4கேக்கு அது போதும். சல்லிசா கிடைக்குதுன்னு போலிக் கார்டு வாங்கினா 256 ஜிபின்னு காட்டும், 32க்கு மேல எழுதுனதெல்லாம் குப்பையாயிரும், பொண்ணு ஆடுனது முழுக்க எடுத்துட்டு வந்து திறந்தா ஒண்ணும் இருக்காது. வாங்கின அன்னைக்கே கம்ப்யூட்டர்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச புரோகிராம் போட்டு கார்டை முழுசா எழுதி, திரும்பப் படிச்சுப் பாருங்க, சில மணி நேரம் ஆகும், ஆனா முடியுற வரைக்கும் ஓட விடுங்க. எழுதுனதும் படிச்சதும் பிசகு இல்லாம ஒத்து வந்தா மட்டும் அந்தக் கார்டை ஆண்டு விழாவுக்கு எடுத்துட்டுப் போங்க.